கட்ட முடிந்தவருக்கே கட்டணம் திரும்பியது: 2025 ஆர்டிஇ சேர்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் ஓர் அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களுக்கான விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில் இணையத்தில் திறக்கும். மே மாதம் குலுக்கல் நடக்கும். இடம் கிடைத்தால் எல்.கே.ஜி. முதல் 8-ஆம் வகுப்பு வரை பள்ளிக் கட்டணம் கிடையாது, அரசே அதைப் பள்ளிக்குத் தரும். ஊரில் 'ஆர்டிஇ சீட்டு', அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இடம், என்றால் இதுதான். அந்த வருஷம் ஏப்ரல் போனது, மே போனது, ஜூன் 2-ஆம் தேதி பள்ளிகளும் திறந்தன. விண்ணப்பம் மட்டும் திறக்கவே இல்லை.

அது வந்து சேர்ந்தது அக்டோபரில். வந்த விதத்தைப் பார்த்தால், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு உதவி யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்வி ஒரே வருஷத்துக்குள் அப்பட்டமாகத் தெரியும்.

முதலில் தாமதம் ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஇ இடங்களுக்கான ஈட்டுத்தொகையில், அதாவது அரசு பள்ளிகளுக்குத் தரும் கட்டணத்தில், ஒன்றிய அரசின் பங்கு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக 60-க்கு 40 (ஒன்றியம் 60, மாநிலம் 40) என்ற விகிதத்தில் வருகிறது. பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதில் கையெழுத்திட்டால் மும்மொழியை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பது மாநில அரசு மறுத்ததற்குச் சொன்ன காரணம். ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தியது. மாநிலம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோவையைச் சேர்ந்த ஒரு சமூகச் செயற்பாட்டாளர் ஆர்டிஇ சேர்க்கையைத் தொடங்கச் சொல்லித் தொடுத்த வழக்கில், ஜூன் 10-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னது. ஆர்டிஇ-க்கான பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒன்றிய நிதி வரவில்லை என்று காரணம் காட்டி மாநிலமும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது. அதற்குப் பிறகும் நாலு மாதம் ஓடியது. பணம் வந்ததும்தான் சேர்க்கை தொடங்கியது.

யார் பக்கம் நியாயம் அதிகம் என்பது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த இழுபறியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது.

ஜூன் மாதத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் எல்.கே.ஜி. வயதில் பிள்ளை. ஒரு வீட்டில் அப்பாவுக்கு மாதச் சம்பளம், அல்லது அடகு வைக்கக் கொஞ்சம் நகை. ஆர்டிஇ வரும்போது வரட்டும் என்று முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிப் பிள்ளையைப் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். கட்ட வழியில்லை. ஆர்டிஇ அறிவிப்பு வரும் என்று ஜூலை வரை பார்த்துவிட்டு, பிள்ளையை அங்கன்வாடியிலேயே விட்டுவிட்டார்.

அக்டோபரில் வந்த நடைமுறை என்ன? வெளியிலிருந்து புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. அந்தக் கல்வியாண்டில் நுழைவு வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் விவரத்தைப் பள்ளிகள் பதிவேற்ற வேண்டும். அவர்களுக்குள் தகுதியுள்ளவர்களை அடையாளம் காண வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் ஆள் இருந்தால் குலுக்கல். தேர்வானவர்களிடம் வாங்கிய கட்டணத்தை 7 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

முதல் வீட்டுக்குப் பணம் திரும்பியிருக்கும். இரண்டாம் வீடு பட்டியலிலேயே இல்லை.

முதல் வீட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களும் வசதியானவர்கள் இல்லை. கடன் வாங்கிக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது நல்லதுதான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாதி வருஷத்தில் புதுப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்ற நடைமுறைச் சிக்கலும் உண்மை. அதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. 'கட்டணம் கட்ட முடியாத குழந்தைக்கு' என்று உருவான உதவியில், அந்த வருஷம் நுழைவுத் தகுதியே ஒருமுறை கட்டணம் கட்டியிருப்பதுதான். சட்டத்தில் எங்கும் இல்லாத இந்தத் தகுதி, சட்டத்தில் உள்ள எல்லாத் தகுதிகளையும் முந்திக்கொண்டது.

இது 2025-இன் விபத்து மட்டும்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், மற்ற வருஷங்களிலும் இதே சாய்வு இருந்திருக்கிறது. அக்டோபர் நடைமுறை அதை மறைக்க முடியாமல் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

தகுதி யாருக்கு இருக்கிறது

கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டினது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் 12(1)(சி) பிரிவு இரண்டு வகைக் குழந்தைகளைச் சொல்கிறது. எஸ்.சி., எஸ்.டி. போன்ற சிலரைச் சட்டமே சொல்கிறது; வேறு யார் யார், வருமான வரம்பு எவ்வளவு என்று வரையறுப்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு வகைக்கு 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்று பெயர். ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவி பாதிப்புக்கு உள்ளானவர்கள், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் இதில் வருகிறார்கள். இவர்களுக்குக் குலுக்கல் இல்லாமல் முன்னுரிமை உண்டு, அது சரியான ஏற்பாடு. இதே வகையில்தான் எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. எல்லோரும் வருகிறார்கள். சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு இல்லை. இன்னொரு வகை 'நலிவடைந்த பிரிவினர்'. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாநிலத்தின் பெரும்பாலான குழந்தைகள் தகுதியுள்ளவர்கள் ஆகிவிடுகிறார்கள். சாதி எவ்வளவு பேருக்குப் பள்ளிக்கூடக் கதவை அடைத்து வைத்திருந்தது என்பது தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை வரையறையிலிருந்து எடுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் கவலை வேறு. சொந்தமாக இரண்டு கடை வைத்திருக்கும் பி.சி. குடும்பமும், கரும்பு வெட்டப் போகும் இருளர் பழங்குடிக் குடும்பமும் ஒரே குலுக்கல் பெட்டியில் ஒரே மதிப்புள்ள சீட்டாக விழுகிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டால் தகுதி என்பது யாரையும் தேர்ந்தெடுக்காது. அந்த வேலையை வேறு ஏதோ ஒன்று செய்யத் தொடங்கும்.

அந்த வேறு என்ன? ஒன்று, தூரம். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். தனியார் பள்ளி எங்கே கட்டுவார்கள்? கட்டணம் கட்டக்கூடியவர்கள் இருக்கும் இடத்தில்தான். நகரத்துக் குடியிருப்புக்குள்ளும் தாலுகா தலைநகரத்தின் புறவழிச் சாலையிலும் இருக்கிற பள்ளிகளுக்கு, கிராமத்திலிருந்து பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். வேனுக்குப் பணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை கட்டண மாணவராக வரலாம். அதே கிராமத்தின் ஏழைப் பிள்ளைக்கு 1 கிலோமீட்டர் கோடு குறுக்கே நிற்கிறது.

இரண்டு, தாள்கள். இதில்தான் மனசு அதிகம் கொதிக்கிறது. பி.சி. குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் சில நாளில் வந்துவிடும். அப்பாவுக்கு இருக்கும், தாத்தாவுக்கு இருக்கும், ஒரு நகலை இணைத்தால் முடிந்தது. பழங்குடிச் சான்றிதழோ வட்டாட்சியர் மட்டத்தில் முடிவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். பெற்றோரிடமே சான்றிதழ் இல்லாத இருளர் குடும்பங்கள் இதற்காக நடையாய் நடப்பது செங்கல்பட்டிலும் விழுப்புரத்திலும் திருவள்ளூரிலும் எல்லோருக்கும் தெரிந்த கதை. விண்ணப்பம் திறந்திருப்பதோ சில வாரம்தான்.

திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. வருமான வழியில்தான் வர வேண்டும். அதற்கு இங்கேயுள்ள முகவரிச் சான்று வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழ் வேண்டும். அப்புறம் அந்த 2 லட்சம் என்ற வரம்பு. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 16,666 ரூபாய். ஒரு பெயின்டர் நாளுக்கு 800 ரூபாய் வாங்கி மாதம் 25 நாள் வேலை பார்த்தால் 20,000 வந்துவிடும். உண்மையைச் சொன்னால் தகுதி போய்விடும். இதே நாட்டில், முன்னேறிய சாதிகளில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 2019-இல் வந்த 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 8 லட்சம் வரை 'ஏழை' என்று ஒன்றிய அரசு சொல்கிறது. அந்த இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது தெரியும். ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வரம்பை மிகக் கீழே வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லி சாட்சி. அங்கே வரம்பு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. பெயர் பெற்ற ஒரு பள்ளியில் 2013-இல் ஒருவர் பொய்யான வருமானச் சான்றிதழ் கொடுத்து மகனுக்கு ஏழைகளுக்கான இடம் வாங்கினார். சில வருஷம் கழித்து விஷயம் வெளியே வந்தது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், பிள்ளையைப் பொதுப் பிரிவு மாணவராகத் தொடர விட்டு, அப்பாவுக்கு 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. அதே தீர்ப்பில் வருமான வரம்பை 5 லட்சமாக உயர்த்தவும் சொன்னது. வரம்பு கீழே இருந்தால் ஏழைகள்தான் உள்ளே வருவார்கள் என்பது பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், நேர்மையாகக் கூலி சொல்கிற தொழிலாளி வெளியே போகிறார், தாள் தயாரிக்கத் தெரிந்தவர் உள்ளே வருகிறார்.

இலவசம் எதுவரை

இடம் கிடைத்தபிறகும் கதை முடிவதில்லை. சீருடை, பாடநூல், நோட்டு, வேன், 'ஆக்டிவிட்டி' என்று பள்ளிகள் கேட்கும் தொகை தனி. ஆர்டிஇ பிள்ளைகளின் சீருடைக்கும் பாடநூலுக்கும் அரசே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. சட்டத்தின் நோக்கமும் அதுவே. ஆனால் பள்ளி வாசலில் ஒரு ரசீது நீட்டப்படும்போது தீர்ப்பை எடுத்துக் காட்டுகிற அம்மா எத்தனை பேர்? இங்கேயும் கையில் கொஞ்சம் காசு புழங்குகிற வீடுதான் தாக்குப்பிடிக்கிறது. இல்லாதவர்கள் 2-ஆம் வகுப்பிலோ 3-ஆம் வகுப்பிலோ பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். பள்ளிகள் தரப்பில் ஈட்டுத்தொகை பாக்கி என்ற குறையும் நியாயமானது. அரசு வருஷக் கணக்கில் தாமதிக்கிறது, சின்ன நர்சரி பள்ளிக்கு அது பெரிய அடி. அந்தச் சுமையைப் பெற்றோர் தலையில் வைப்பதுதான் தவறு.

8-ஆம் வகுப்போடு இலவசம் நின்றுவிடும். 9-ஆம் வகுப்பில் முழுக் கட்டணம், அல்லது அரசுப் பள்ளி. இது அரசுக்குத் தெரியாததல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கிய 2020 சட்டத்திலும், கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாத உதவி தரும் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆர்டிஇ-யில் 8 வரை தனியாரில் படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. 14 வயதில் இந்தப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்து வைத்த கதவு அது. நல்ல கதவு. இந்த விவரம் 8-ஆம் வகுப்புப் பெற்றோர் பலருக்குத் தெரியாமலே கடனை வாங்கி 9-ஆம் வகுப்புக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

'இந்தப் பணத்தை அரசுப் பள்ளிக்கே கொடுக்கலாமே' என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. எனக்கும் அரசுப் பள்ளிதான் முதல் அக்கறை. கர்நாடகம் 2018 இறுதியில் விதியைத் திருத்தியது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் ஆர்டிஇ இடம் இல்லை என்றது. அங்கே ஆர்டிஇ சேர்க்கை அப்படியே சரிந்தது. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் அதே வழியில் போகப் பார்த்தபோது, ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2012-இல் இந்த 25 சதவீதத்தைச் செல்லும் என்று ஏற்றபோது அடியில் இருந்த எண்ணம், வசதியுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது. அது அரசுப் பள்ளியை மேம்படுத்துவதால் மட்டும் நடந்துவிடாது. ஆனால் உதவி பெறுகிறவர்களும் கட்டணம் கட்டுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே வகை வீட்டிலிருந்து வந்தால், அந்தப் பெஞ்சில் யாரும் யாரையும் புதிதாகச் சந்திக்கப் போவதில்லை. அப்போது இந்த வாதத்துக்கு என்னிடமும் பதில் இருக்காது.

இன்னொரு ஓட்டை, சிறுபான்மைப் பள்ளிகள். 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அவற்றுக்கு முழு விலக்கு கொடுத்தது. ஊர் ஊராகப் பெயர் பெற்ற பழைய பள்ளிகளில் மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை நிறுவனங்கள் நிறைய. அங்கே ஆர்டிஇ பிள்ளை நுழைய முடியாது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த விலக்கு சரியா என்று கேட்டுப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

யாருக்கு முதலில்

குலுக்கல் நேர்மையானது என்று சொல்வார்கள். சிபாரிசு இல்லை, லஞ்சம் இல்லை என்ற அளவில் உண்மைதான். பெட்டிக்குள் யார் பெயர் இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. என் கருத்து இதுதான்: இந்த உதவி இல்லாவிட்டால் அந்தப் பள்ளியின் வாசலைக் கூட மிதிக்க முடியாத பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. உதவி இல்லாவிட்டாலும் எப்படியாவது சேர்த்துவிடும் வீட்டுக்கு அடுத்த இடம். ஆதரவற்ற குழந்தைகள் போன்ற சிறப்புப் பிரிவுக்கு இப்போது இருக்கும், குலுக்கல் இல்லாத முன்னுரிமை அப்படியே இருக்கட்டும். மீதி இடங்களைப் படிப்படியாக நிரப்பலாம்.

'ஏழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லோரும் பொய்ச் சான்றிதழ் தருவார்களே' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு அந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மேல் போகக்கூடாது, வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் பார்த்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குடும்ப அட்டையிலேயே பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), அந்த்யோதயா (மிகவும் ஏழைக் குடும்பம்) என்று குறியீடு இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தருவதற்கு மின் பயன்பாடு வரை பார்த்த அரசு, எல்.கே.ஜி. முதல் 8 வரை 10 வருஷம் நீளும் ஒரு பள்ளி இடத்துக்குப் பெரும்பாலோரிடம் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அந்தத் தரவுகளை எடுத்துக்கொள்ளலாம். எஸ்.டி., எஸ்.சி. குடும்பங்களிலும் மற்ற பிரிவுகளிலும் அந்த்யோதயா அட்டை உள்ளவர்கள், அம்மா அப்பா இரண்டு பேரும் 10-ஆம் வகுப்பைத் தாண்டாதவர்கள் முதல் சுற்றில் வரட்டும். இடம் மிஞ்சினால் உரிமைத் தொகை வாங்கும் குடும்பங்கள் அடுத்த சுற்றில். அதற்கும் மேல் மிஞ்சினால் இப்போதுள்ள பொதுக் குலுக்கல். சாதிச் சான்றிதழ் வரத் தாமதமாகும் பழங்குடிக் குடும்பங்களுக்குத் தலைமையாசிரியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளரின் உறுதிமொழியில் தற்காலிகச் சேர்க்கை தரலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, வேலையிடத்தின் முகவரியே போதும் என்று வைக்கலாம். 1 கிலோமீட்டர் என்பதைப் பள்ளி வேன் போகும் பாதை என்று மாற்றினால் கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள், வேன் கட்டணத்தை ஈட்டுத்தொகையில் சேர்த்தால்.

எந்தப் பள்ளியில் எத்தனை பேர் எந்தப் பிரிவில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவில் விலகினார்கள் என்பதை ஊராட்சி ஒன்றியம் வாரியாக வருஷா வருஷம் வெளியிடவும் வேண்டும். சேர்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் அறிவித்துப் பெருமைப்பட்டால் இரண்டாம் வீட்டுப் பிள்ளை எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

2025-இல் விடுபட்ட பிள்ளைகளுக்கு உடனே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் ஆர்டிஇ-க்கு நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான். அந்த வயதைத் தாண்டிவிட்டால் அதே பள்ளியில் மறுவாய்ப்பு இல்லை. ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் பள்ளி பக்கத்தில் இருந்தால் மட்டும் இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். ஆக, நிதிச் சண்டையில் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் வழி அடைபட்டுவிட்டது. ஆர்டிஇ-யில் சேர்ந்து நடுவில் விலகியவர்களின் இடங்கள் யூ.கே.ஜி.யிலும் ஒன்றாம் வகுப்பிலும் காலியாகத்தான் கிடக்கின்றன. அந்த வருஷம் நுழைவு வயதில் இருந்து, எந்தத் தனியார் பள்ளியிலும் கட்டணம் கட்டிச் சேராத பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் காலியிடங்களைத் திறந்துவிட ஓர் அரசாணை போதும். அங்கன்வாடிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது.